பழைய தங்கப் பாக்கெட் வாட்ச் ஓடவில்லையா? சாவி கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

பீரோவின் அடித்தட்டிலிருந்து தாத்தாவின் பாக்கெட் வாட்ச் வெளியே வந்ததும் எல்லாரும் செய்கிற முதல் வேலை, அதற்குச் சாவி கொடுப்பது. தயவுசெய்து கொடுக்காதீர்கள். நாற்பது வருடம் படுத்துக் கிடந்த வாட்சில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், அதோடு தூசியும் சேர்ந்திருக்கும். அந்த நிலையில் ஓடினால், ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் சக்கரத்தின் எஃகு முனைகளை அரம்போல் தேய்க்கும். ஓடுகிறது என்பதற்காக அது நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

நான் இங்கே பேசுவது பெரும்பாலும் 1860க்கும் 1920க்கும் இடையில் அமெரிக்காவில் செய்த வால்தம், எல்ஜின், ஹாமில்டன் வாட்சுகளைப் பற்றி. சுவிஸ், இங்கிலீஷ் வாட்சுகளும் நடுவில் வரும். டயலில் 'பி.ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று இருந்தாலும், உள்ளே இருக்கும் இயந்திரம் சுவிஸிலோ இங்கிலாந்திலோ செய்ததாக இருக்கும், அதனால் அதற்கும் இது பொருந்தும்.

என் மேசைக்குக் "கோளாறு" என்று வருவதில் நல்ல பங்கு கோளாறே அல்ல. செய்தவர் யோசித்து வைத்த ஏற்பாடு. அது தெரியாமல் நெம்பி, அழுத்தி, திருகித்தான் நல்ல வாட்சுகள் கெடுகின்றன. ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் பழுதைத் தேடுவதற்கு முன்னால், செய்தவர் ஏன் அப்படி வைத்தார் என்று பார்த்துவிடுவோம்.

"பின்மூடி திறக்கவே மாட்டேன் என்கிறது"

கத்தியைக் கீழே வையுங்கள். முதலில் விளிம்பை லென்ஸில் சுற்றிப் பாருங்கள். கீல் இருக்கிறதா? இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன உதடு இருக்கும், அங்கே நகத்தால் தூக்கினால் போதும். கீல் இல்லாவிட்டால் அது திருகு மூடி. வாட்சை இடது உள்ளங்கையில் வைத்து, வலது உள்ளங்கையை மூடிமேல் பதித்து, பாட்டில் மூடியைத் திறக்கிற திசையில் திருப்புங்கள். கை வழுக்கினால் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஒரு வகை உண்டு, அதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. அந்த வகைக்குப் பின்மூடியே கிடையாது. முன்பக்கக் கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றி, சாவி கொடுக்கத் திருப்பும் குமிழை மெல்ல மேலே இழுத்தால், 12 மணிப் பக்கம் இருக்கும் கீலில் இயந்திரம் முழுதும் கதவு மாதிரி வெளியே ஆடி வரும். தூசி உள்ளே போகாமலிருக்கச் செய்த வடிவம் அது. இது தெரியாமல் பின்பக்கத்தை நெம்பி, தங்கத்தில் பிறைபிறையாக வெட்டு விழுந்த கேஸ்களை, அதாவது வெளிக்கூடுகளை, எத்தனையோ பார்த்துவிட்டேன். அந்தத் தழும்பு போகவே போகாது.

முன்பக்கமும் மூடியுள்ள வாட்ச் என்றால் குமிழை அழுத்தினால் மூடி துள்ளித் திறக்கும். மூடும்போது 'டப்' என்று அடிக்காதீர்கள். குமிழை அழுத்திப் பிடித்தபடியே மூடியைப் பொருத்தி, பிறகு குமிழை விடுங்கள். உள்ளே பிடிக்கிற கொக்கி எஃகு, அது கவ்வும் உதடு தங்கம். இரண்டும் உரசினால் தேய்வது தங்கம்தான்.

"சாவி கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், முடிவே வரவில்லை"

இது நிஜமான பழுது. குமிழைத் திருப்ப இறுக்கமே ஏறவில்லை என்றால், வாட்சை ஓட்டும் விசைச்சுருளான மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது. திருப்பிவிட்டுக் கையை எடுத்ததும் குமிழ் சர்ரென்று பின்னால் சுற்றினால் ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கிறது, அதைத் தாங்கிப் பிடிக்கிற சின்ன நாக்கு உடைந்திருக்கிறது. இரண்டுமே சரிசெய்யக்கூடியவை, பெரிய செலவும் இல்லை.

ஆனால் அமெரிக்க வாட்சில் இதற்கு அடுத்த கட்டம் ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் அப்பாவின் வால்தமைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"தம்பி, வேற கடையில புது ஸ்பிரிங் போட்டாங்க. அப்பவும் ஓடல. சக்கரமெல்லாம் போச்சு, தங்கத்துக்கு மட்டும் எடை போட்டுக் குடுத்துடுங்கன்னு சொல்லிட்டாங்க."

"ஐயா, உட்காருங்க. அவசரப்பட வேண்டாம்" என்று சொல்லித் திறந்து பார்த்தேன். ஒரு சக்கரமும் போகவில்லை. அக்காலத்துக் கார்பன் எஃகு ஸ்பிரிங் அறுந்தால், சுருண்டிருந்த விசை அத்தனையும் ஒரே நொடியில் எதிர்த்திசையில் உதைக்கும். அந்த உதையில் பற்கள் சிதறும். அதைத் தடுக்கத்தான் அமெரிக்கத் தொழிற்சாலைகள் நடுச் சக்கரத்தின் பினியனை, அதாவது அதன் அச்சில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தை, மரையில் திருகி வைத்தன. நேராகத் தள்ளும்போது மரை இறுகும், எதிராக உதைத்தால் கழன்றுகொள்ளும். ஸ்பிரிங் அறுந்த அன்றைக்கு அது கழன்று, தன் வேலையைச் செய்து, மற்ற சக்கரங்களைக் காப்பாற்றியிருக்கிறது. மறுபடி இறுக்குவதற்கு யாரும் இல்லை, அவ்வளவுதான். இறுக்கி, கழுவி, எண்ணெய் போட்டதும் ஓடியது. அவர் அதைக் காதோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே புது ஸ்பிரிங் போட்டும் சாவி ஏறி, சக்கரம் நகராமல் இருந்தால், முதலில் இந்தப் பினியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"சாவி முழுக்க இறுகிவிட்டது, அதிகமாகக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது"

அதிகமாகச் சாவி கொடுத்து வாட்ச் நின்றுபோனதாக நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. முழுக்கச் சாவி ஏறியதும் குமிழ் நிற்கும், அது இயல்பு. ஓடாததற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

பின்மூடியைத் திறந்து, பேலன்ஸ் வீலை லென்ஸில் பாருங்கள். முன்னும் பின்னும் ஆடுகிற பெரிய சக்கரம் அதுதான். வாட்சைக் கிடையாகப் பிடித்து மணிக்கட்டை லேசாகச் சுழற்றி நிறுத்துங்கள். வீல் தாராளமாக ஆடி, அப்புறம் மெல்ல ஓய்ந்தால் அழுக்குதான் காரணமாக இருக்கும். கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டால் சரியாகிவிடும். தள்ளாடி ஒரு பக்கம் சாய்ந்து ஆடினால், அல்லது ஆடவே மறுத்தால், அதன் அச்சு முனை உடைந்திருக்கும். அந்த முனையின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் அளவுதான். ஒருமுறை கீழே விழுந்தால் போதும். பிரெகே என்ற கடிகாரக் கலைஞர் 1790 வாக்கிலேயே இதற்கு அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் ஏற்பாடு செய்துவிட்டார், ஆனால் பாக்கெட் வாட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அச்சைப் புதிதாகக் கடைந்து போட வேண்டும், அல்லது அதே மாடலின் பழைய அச்சைத் தேட வேண்டும்.

இங்கே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ ஊற்றாதீர்கள். தேங்காய் எண்ணெய் விட்ட ஒரு வாட்சைத் திறந்து பார்த்திருக்கிறேன். பித்தளைத் தட்டு முழுக்கப் பச்சைப் பாசி மாதிரி படிந்து, சக்கரப் பற்களின் இடுக்கில் மஞ்சள் மெழுகு உறைந்திருந்தது. சிவப்புக் கல்லைச் சுற்றிக் காபி டம்ளரின் அடிக்கறை போல ஒரு பழுப்பு வளையம். வாட்ச் எண்ணெய் ஊசி முனையில் தொட்டு வைக்கும் ஒரு துளி. அதுவும் கல்லில் இருக்கும் குழியில் மட்டும். பேலன்ஸ் வீலை ஆட்டிவைக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் எண்ணெய் படவே கூடாது.

கல் என்றதும் இன்னொன்று. 15 கல், 17 கல் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதை விலைமதிப்புள்ள மாணிக்கம் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். துளையிட்ட மாணிக்கத்தை அச்சுக்குத் தாங்கியாக வைக்கும் முறைக்கு 1704இல் லண்டனில் காப்புரிமை வாங்கினார்கள் ஃபாத்தியோவும் டெபோஃப்ர் சகோதரர்களும். தேய்மானம் குறையட்டும் என்பதுதான் நோக்கம், நகை செய்வதல்ல. பெயர்த்து விற்றால் காசு கிடைக்காது. வாட்ச்தான் போகும்.

"ஒரு மணி நேரத்துக்குள் இருபது நிமிடம் முன்னால் ஓடுகிறது"

இவ்வளவு வேகம் என்றால் ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகும், ஆட்டம் விரைவாகும். காரணம் எண்ணெயாக இருக்கும், அல்லது காந்தம்.

ஒரு சாதாரணத் திசைகாட்டியை எடுத்து, ஓடும் வாட்சின் பேலன்ஸ் வீலுக்கு நேர்மேலே பிடியுங்கள். ஊசி நடுங்கினால் காந்தம் ஏறியிருக்கிறது. இந்த வாட்சுகள் பிறந்த காலத்தில் காந்தம் அவற்றுக்கு அரிதான எதிரி. இப்போது செல்போன் கவரிலும் கைப்பையின் மூடியிலும் ஸ்பீக்கரிலும் காந்தம் இருக்கிறது. காந்த நீக்கி வைத்திருக்கும் கடையில் சில நொடி வேலை. வாட்சைப் பிரிக்கவே வேண்டாம். அதனால் காந்தமா என்று பார்க்காமல் வேறெதையும் தொடாதீர்கள், முக்கியமாக வேகத்தைக் குறைக்கிறேன் என்று ரெகுலேட்டரை, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு ஊசியை, ஓரத்துக்குத் தள்ளாதீர்கள்.

"பேலன்ஸ் வீல் ரெண்டு இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது"

உடையவில்லை. வேண்டுமென்றேதான் வெட்டியிருக்கிறார்கள். சூடு ஏறினால் எஃகு ஹேர்ஸ்பிரிங்கின் விறைப்பு தளர்ந்து வாட்ச் பின்தங்கும். அதை ஈடுகட்ட வீலின் விளிம்பை உள்ளே எஃகும் வெளியே பித்தளையுமாக உருக்கி ஒட்டி, இரண்டு இடத்தில் அறுத்து விட்டார்கள். பித்தளை அதிகம் விரியும், அதனால் சூட்டில் அறுந்த முனைகள் உள்நோக்கி வளையும், வீல் சுருங்கின மாதிரி ஆகி ஆட்டம் விரைவாகும். ஒன்றின் குறையை மற்றொன்று தின்றுவிடும். ஸ்விட்சர்லாந்தில் பிறந்த குய்யோம் 1896இல் இன்வார் என்ற கலப்பு உலோகத்தைக் கண்டறிந்து, தொடர்ந்து செய்த ஆராய்ச்சிகளால்தான் இந்த வெட்டு வீலுக்கான தேவை மெல்ல மறைந்தது. 1920இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கடிகாரக்காரரின் மகன் அவர்.

விளிம்பைச் சுற்றிக் குட்டித் திருகுகள் இருக்கும், உயர்ந்த வாட்சில் அவை தங்கம். ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். ஒவ்வொன்றின் எடையும் இடமும் தொழிற்சாலையில் சூட்டிலும் குளிரிலும் வைத்துப் பார்த்து முடிவு செய்தவை. அந்த வேலையை நாம் வீட்டில் திரும்பச் செய்ய முடியாது.

"நாளுக்கு ரெண்டு மூன்று நிமிடம் வித்தியாசம் வருகிறது"

சுத்தம் செய்த வாட்ச் என்றால் மட்டும் ரெகுலேட்டரைத் தொடுங்கள். அழுக்கு வாட்சுக்கு ரெகுலேட்டர் மருந்தல்ல. பேலன்ஸ் மேல் இருக்கும் சிறு ஊசியின் பக்கத்தில் எழுத்து இருக்கும். அமெரிக்க, இங்கிலீஷ் வாட்சில் எஃப் என்றால் வேகம், எஸ் என்றால் மெது. சுவிஸ், பிரெஞ்சு வாட்சில் ஏ என்றால் வேகம், ஆர் என்றால் மெது. ஒரு மயிரிழை அளவு நகர்த்தி, ஒரு முழு நாள் பார்த்து, அப்புறம் அடுத்தது. தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். படுக்க வைத்து ஒருநாள், தொங்கவிட்டு ஒருநாள் பாருங்கள். இரண்டு நிலைக்கும் இடையில் வேகம் பெரிதாக மாறினால் அது ரெகுலேட்டர் விஷயமல்ல, அச்சு முனையோ கல்லோ தேய்ந்திருக்கிறது.

"குமிழை இழுத்தாலும் முள் நகரவில்லை"

இதற்குப் பின்னால் ஒரு ரயில் விபத்து இருக்கிறது. 1891 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிப்டன் என்ற ஊரில் இரண்டு ரயில்கள் மோதின. ஓட்டுநர் ஒருவரின் வாட்ச் நான்கு நிமிடம் நின்று மறுபடி ஓடியதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அதன்பிறகு கிளீவ்லாந்து நகைக்கடைக்காரர் வெப் பால் ரயில்வே வாட்சுகளைச் சோதிக்கும் முறையை உருவாக்கினார். அப்படி வளர்ந்த ரயில்வே விதிகளில் முக்கியமானவை: குறைந்தது 17 கல், முன்மூடி இல்லாத வடிவம், வாரத்துக்கு 30 நொடிக்கு மேல் பிசகக்கூடாது. இன்னொன்று, குமிழை இழுத்து நேரம் மாற்றும் முறை கூடாது. சட்டைப்பையில் குமிழ் தானாக மேலேறி முள் நகர்ந்துவிட்டால் என்ன ஆகும்?

ஆகவே அந்த வாட்சுகளில் நேரம் மாற்ற ஒரு நெம்புகோல் ஒளிந்திருக்கிறது. முன்பக்கக் கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றுங்கள். டயலின் ஓரத்தில், பெரும்பாலும் 1 மணிக்கும் 2 மணிக்கும் பக்கத்தில், ஒரு மெல்லிய உலோக நாக்கு தெரியும். நகத்தால் வெளியே இழுங்கள். இப்போது குமிழைத் திருப்பினால் முள் நகரும். வேலை முடிந்ததும் நாக்கை உள்ளே தள்ள மறக்காதீர்கள். இது தெரியாமல் குமிழைப் பலமாக இழுத்துத் தண்டை உடைத்தவர்கள் ஏராளம்.

இதன் உடன்பிறப்பு ஒன்று: "கேஸிலிருந்து இயந்திரத்தை வெளியே எடுத்தேன், சாவி ஏறவில்லை, முள்தான் சுற்றுகிறது." அமெரிக்க வாட்சுகள் பலவற்றில் சாவிக்கும் முள்ளுக்கும் மாற்றுகிற பிடிப்பு கேஸின் கழுத்தில் இருக்கிறது, இயந்திரத்தில் இல்லை. கேஸை விட்டு வந்தால் அது தானாக முள் திருப்பும் நிலைக்குப் போய்விடும். கேஸில் திரும்ப உட்கார வைத்தால் சரியாகிவிடும். விற்பனைக்கு வரும் தனி இயந்திரங்களைப் பழுது என்று ஒதுக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

"டிக் டிக் கேட்கிறது, முள் நகரவில்லை" / "தினமும் ஒரே நேரத்தில் நிற்கிறது"

முதலாவதுக்கு, நிமிட முள்ளைத் தாங்கும் குழாய் தளர்ந்திருக்கிறது. இறுக்கிக்கொடுக்க ஐந்து நிமிடம். இரண்டாவதுக்கு முட்களைப் பக்கவாட்டில் பாருங்கள். மணி முள்ளும் நொடி முள்ளும் உரசும், அல்லது நிமிட முள் கண்ணாடியில் இடிக்கும். இடையில் ஒரு காகிதத் துண்டு நுழைகிற இடைவெளி வேண்டும்.

"சங்கிலி மாதிரி ஏதோ உள்ளே கிடக்கிறது"

அப்படியானால் உங்களிடம் இருப்பது இங்கிலீஷ் ஃபியூசி வாட்ச். கூம்பு வடிவச் சக்கரத்தில் சைக்கிள் செயினின் குட்டிப் பதிப்பு போல ஒரு சங்கிலி சுற்றும். ஸ்பிரிங் தளரத் தளர விசை குறையாமல் சமமாகப் போகட்டும் என்பதற்கான ஏற்பாடு. அந்தச் சங்கிலிகளை இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் ஊரில் பெண்களும் சிறுமிகளும் ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துச் செய்தார்கள். லென்ஸில் அந்தச் சங்கிலியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கண்கள் என்ன பாடு பட்டிருக்கும் என்றுதான் தோன்றும். அறுந்த சங்கிலியைத் தேர்ந்த கை சேர்த்துவிடும், ஆகவே துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இவற்றுக்குத் தனிச் சாவி தேவை. ஒரு திசையில் லேசாகத் திருப்பிப் பாருங்கள், விட்டுக்கொடுக்காவிட்டால் மற்றத் திசை. பலம் காட்ட வேண்டாம். பழைய ரகங்கள் சில, சாவி கொடுக்கும் நேரத்தில் நின்று போகும். விசை அந்தக் கணம் தலைகீழாக இருப்பதால் வருவது, பழுதல்ல.

"தங்கம் ஓரத்தில் சிவந்து தெரிகிறது"

அது கெட்டித் தங்கமல்ல. பித்தளைமேல் தங்கத் தகட்டை ஒட்டி உருட்டிச் செய்த கேஸ், தேய்ந்து உள்ளிருக்கும் உலோகம் எட்டிப்பார்க்கிறது. உள்மூடியில் '20 வருடம் உத்தரவாதம்' என்ற மாதிரி ஏதாவது பொறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம், கெட்டித் தங்கத்துக்கு யாரும் வருட உத்தரவாதம் தரமாட்டார்கள். கெட்டித் தங்கத்தில் 14கே, 18கே என்றிருக்கும், சுவிஸில் 0.585, 0.750. ரயில்வே வாட்சுகள் பெரும்பாலும் தகட்டுக் கேஸ்தான், அதனால் மதிப்புக் குறைந்ததாக நினைக்காதீர்கள்.

நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் மேற்பரப்பைத்தான் படிக்கும். தகட்டுக் கேஸையும் தங்கம் என்று காட்டும். எடை போடும்போதும் கவனம் வேண்டும். இயந்திரம், கண்ணாடி, ஸ்பிரிங் எல்லாம் சேர்த்துத் தங்கமாகக் கணக்கிடக் கூடாது. சில சுவிஸ் வாட்சுகளில் உள்மூடி வெறும் பித்தளை. 'மெட்டல்' என்று அதிலேயே நேர்மையாகப் பொறித்திருப்பார்கள். அப்புறம், உருக்கத் தீர்மானித்துவிடும் முன் இயந்திரத்தின் எண்ணை, கேஸின் எண்ணை அல்ல, பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இயந்திரத்தையும் கேஸையும் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பார்கள். வாட்சின் வயதைச் சொல்வது இயந்திரத்தின் எண்.

"உள்மூடியில் யாரோ கீறி வைத்திருக்கிறார்கள்"

அழிக்காதீர்கள், பாலிஷும் போடாதீர்கள். விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் ஊசி நுனியால் கீறிய எண்களும் எழுத்துகளும் தெரியும். அந்த வாட்சைச் சரிசெய்தவர்கள் ஒவ்வொருவரும் வைத்த குறி அது. 1861 ஏப்ரலில் வாஷிங்டனில் ஒரு கடையில் ஆபிரகாம் லிங்கனின் தங்க வாட்சைக் கையில் வைத்திருந்தபோது, அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தொடங்கிவைத்த சம்டர் கோட்டைத் தாக்குதல் செய்தி வந்தது. வேலை செய்துகொண்டிருந்த ஜோனத்தன் டில்லன் அந்தச் செய்தியை வாட்சின் உள்ளே பொறித்துவிட்டு மூடிவிட்டார். தலைமுறை தலைமுறையாக அந்தக் கதை மட்டும் குடும்பத்தில் இருந்தது. 2009இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் திறந்து பார்த்தபோது எழுத்து அங்கேயே இருந்தது.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் உள்மூடியைச் சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் தாத்தா காலத்துக் கடைக்காரர் வைத்த குறியும் அங்கே இருக்கலாம்.